கல்லில் தேர் கண்டோம், கலத்தை மறந்தோம்

மாமல்லபுரத்து ஐந்து தேர்களைக் கண்டு வியவாதவர் இலர். ஆயினும் அவை தேர்கள் அல்ல என்பதைக் கட்டடக்கலை அறிஞர்கள் நெடுநாட்களுக்கு முன்பே தெளிவுபடுத்தியுள்ளனர். மரத்தாலும் ஓலையாலும் அக்காலத்தில் எழுந்து நின்ற கட்டடங்களின் வடிவங்களை, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் ஒற்றைப் பாறைகளில் வடித்து வைத்தனர். திரௌபதி தேர் எனப்படுவது கூரை வேய்ந்த ஒரு குடிலின் வடிவம். வீமன் தேர் எனப்படுவது வண்டிக்கூடுபோல் வளைந்த கூரையையுடைய நீண்ட மண்டபத்தின் வடிவம். மூலமான மரக் கட்டடங்கள் செல்லரித்தும் தீக்கிரையாகியும் மறைந்தன. அவற்றைப் பார்த்துச் செய்த உருமாதிரிகளோ 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன. அக்காலக் கூரை எவ்வாறு வளைந்தது, தூண் எவ்வாறு தாங்கியது என்பவற்றை இன்று நாம் அக்கல்லிடமே கற்கிறோம்.

அச்சிற்பிகள் உளி பிடித்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். அக்கடலில் மரக்கலங்கள் நின்றன. திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடுங்கால் களிறும் மணியும் பொன்னும் சுமந்து நின்ற கலங்களையும் சேர்த்தே பாடினார். ஆனால் குடிலுக்கும் மண்டபத்திற்கும் கிடைத்த பேறு அக்கலங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஐந்தின் அருகே ஆறாவதாக ஒரு கலத்தையும் வடித்து வைத்திருந்தால், பல்லவர் காலத் தமிழன் எத்தகைய கப்பலில் கடல் கடந்தான் என்னும் வினாவுக்கு இன்று நாம் விடை தேடி அலைய வேண்டியிராது.

மரக்கலங்களை அளவு பிசகாமல் சிறியனவாகச் செய்தல் மேலைநாடுகளில் பல்லாயிரவர் போற்றும் பொழுதுபோக்கு. நம்மிடையே அது சிறுவர் விளையாட்டாகவும் கூடத்து அலங்காரமாகவும் கருதப்படுகிறது. தமிழ் பயிலும் மாணவர்களும் இக்கலையைக் கைக்கொள்ள வேண்டும். அதிலும் நம் கரையின் கலங்களையே முதலில் செய்ய வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கான காரணங்களை இங்கு முன்வைக்கின்றோம்.

கலங்கள் கண்ட கரை

செங்கற்பட்டு மாவட்டத்தின் கடற்கரை முழுவதும் கப்பல் வரலாறே. பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் 1970 இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் நிகழ்த்திய அகழாய்வில் ரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கோவளம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்ட் வணிகக் குழுவினர் கடை விரித்த துறை. அங்கிருந்த கோட்டையையும் செங்கற்பட்டுக் கோட்டையையும் 1752 இல் கிளைவ் அடுத்தடுத்துக் கைப்பற்றினார். கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் செங்கற்பட்டின் விதியும் கடற்றுறையின் விதியும் ஒரே ஆண்டில் முடிவு செய்யப்பட்டமை எண்ணத்தக்கது. தெற்கே கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக் கோட்டை, ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் எழுந்து, 1750 இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1760 இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. அதன் சிதைந்த சுவர்களை இன்றும் உப்பங்கழியோரத்தில் காணலாம்.

இவற்றுக்கு இடையே சதுரங்கப்பட்டினம் உள்ளது. டச்சுக்காரர் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஊர் அது. அவ்வூருக்கு எதிரே கடலில் 1782 பிப்ரவரி 17 அன்று சுஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படையும் எட்வர்டு ஹியூஸ் தலைமையிலான ஆங்கிலக் கப்பற்படையும் மோதின. இருதரப்பிலுமாக ஏறத்தாழ 20 போர்க்கப்பல்கள் அன்று நம் கரைக்கு எதிரே நின்றன. ஹியூஸின் தலைமைக் கப்பல் 'சூப்பர்ப்'. சுஃப்ரனின் தலைமைக் கப்பல் 'ஏரோ'. இரண்டும் 74 பீரங்கிகள் தாங்கியவை.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அத்தகைய போர்க்கப்பலைச் சிறிய அளவில் செய்ய விரும்பும் ஓர் ஆங்கிலேயருக்கு இன்று எல்லாம் கிடைக்கும். அக்காலக் கடற்படைக் கப்பல்களின் வரைபடங்கள் இலண்டனை அடுத்த கிரீனிச் அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. ஆனால் அக்காலத்தில் இக்கரையின் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சுமந்தது எது? நம் பரதவர் ஓட்டிய சலங்கு. மசூலா என்றும் அதனை அழைப்பர். வந்து போன கப்பலின் ஒவ்வொரு கயிற்றுக்கும் கணக்கு இருக்கிறது. இங்கேயே பிறந்து இங்கேயே உழைத்த சலங்குக்கு நம் கையில் கணக்கு இல்லை.

சொல் இருக்கிறது, பொருள் எங்கே?

தமிழ்த்துறையினராகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. நாவாய், வங்கம், கலம், அம்பி, திமில், பஃறி, ஓடம், தோணி, புணை என்று மரக்கலப் பெயர்களை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அம்பிக்கும் பஃறிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பர். நிகண்டு தந்த பெயர் நெஞ்சில் நிற்கிறது. பெயர் குறித்த பொருள் கண்ணில் இல்லை. பொருளை இழந்த சொல் தேர்வுத்தாளில் மட்டுமே வாழும்.

பழஞ்சொற்களுக்கு நேர்ந்த கதியே இன்று வழங்கும் சொற்களுக்கும் நேர்ந்து வருகிறது. கலத்தின் முதுகெலும்பாகிய அடிமரத்தைத் தச்சர் 'ஏரா' என்பர். அதன்மேல் விலாவெலும்புபோல் எழும் சட்டங்கள் 'வங்கு'. முன்புறம் 'அணியம்', பின்புறம் 'அமரம்'. பாயைத் தாங்கும் குறுக்குக் கழி 'பருமல்'. பலகை இடுக்குகளில் நாரும் பிசினும் திணித்து நீர் புகாது அடைத்தல் 'கலப்பத்து'. இவற்றோடு அரபு மொழியிலிருந்து வந்த 'சுக்கான்', 'மாலுமி', பாரசீகத்திலிருந்து வந்த 'நங்கூரம்' ஆகியனவும் கலந்து நிற்கின்றன. தமிழின் 'கப்பல்' மலாய் மொழியில் 'கபால்' என்று குடியேறியிருக்கிறது. பல நாட்டு மக்கள் ஒரே தளத்தில் நின்று உழைத்ததன் சான்று இச்சொற்கள். காயல்பட்டினம், கீழக்கரை, பறங்கிப்பேட்டை, நாகூர் முதலிய ஊர்களின் முஸ்லிம் மாலுமிகளும் பரதவரும் தச்சரும் சேர்ந்து வளர்த்த சொத்து இது.

இச்சொற்களை அகராதியில் படித்து அறிவதினும், ஒரு சிறு கலத்தைத் தன் கையால் செய்து அறிவது ஆழமானது. ஏராவை வைக்காமல் வங்கை நிறுத்த முடியாது. வங்கை நிறுத்தாமல் பலகையை வளைக்க முடியாது. ஒரு கலம் செய்து முடித்த மாணவன் அச்சொற்களைப் பிறகு ஒருநாளும் மறக்கமாட்டான்.

பொம்மையும் உருமாதிரியும்

விளையாட்டுப் பொம்மைக்கும் உருமாதிரிக்கும் உள்ள வேறுபாடு அளவில் இருக்கிறது. கலத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்தில் குறைக்கப்பட வேண்டும். 1:48 என்பது இக்கலையில் பழைமையான விகிதம். உண்மைக் கலத்தின் ஓர் அடி, மாதிரியில் கால் அங்குலம் ஆகும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே இங்கிலாந்துக் கடற்படையினருக்காக இவ்விகிதத்தில் உருமாதிரிகள் செய்யப்பட்டன. கீழ்ப்பாதியைப் பலகையால் மூடாமல், உள்ளிருக்கும் விலாச்சட்டங்கள் தெரியுமாறு அவற்றைச் செய்தனர். கப்பல் எப்படி நிற்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டும் பாடநூல்களாக அவை இன்றும் விளங்குகின்றன.

விகிதம் என்பது நமக்குப் புதியதும் அன்று. முகத்தின் நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு உருவத்தின் ஒவ்வோர் உறுப்பையும் கணக்கிடும் தாலமானம் நம் சிற்பிகளின் உயிர்நாடி. விரலளவுச் சிலையிலும் பனையளவுச் சிலையிலும் விகிதம் ஒன்றே. மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கி வரும் அரசினர் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் மாணவர்கள் இன்றும் கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் இதனைப் பயில்கின்றனர். அக்கணக்கைக் கலத்துக்குப் பொருத்துவது ஒன்றே செய்ய வேண்டிய வேலை.

ஒரு சான்று காண்போம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர் கட்டிய பாய்க்கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. அதன் நீளம் 89 அடி. அதனை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திக்கொண்டு 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோசெஸ்டர் துறையை அடைந்தனர். அக்கப்பலை 1:48 விகிதத்தில் செய்தால் 22 அங்குலத்தைச் சற்றே தாண்டும். ஒரு மாணவனின் மேசையில் அடங்கிவிடும். ஆனால் நீளம் 48இல் ஒன்றாகக் குறையும்போது பரப்பு 2,304இல் ஒன்றாகவும், கனஅளவு 1,10,592இல் ஒன்றாகவும் குறையும். கணக்கு வகுப்பில் உயிரற்றுக் கிடந்த பாடம் மரத்துண்டில் உயிர் பெறுவதை இங்கே காணலாம்.

அயலார் எழுதிய நம் கலங்கள்

நம் கலங்களை அளந்து எழுதியவர்கள் பெரும்பாலும் அயலாரே. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாகிய எட்மண்ட் பாரிஸ் உலகின் பல கரைகளிலும் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்து, 1840களில் நூலாக வெளியிட்டார். சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் சலங்கும் அந்நூலில் இடம்பெற்றன. பின்னாளில் அவர் பாரிசு மாநகரத்து லூவர் அரண்மனையிலிருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்று, தம் வரைபடங்களைக் கொண்டே உருமாதிரிகள் பலவற்றைச் செய்வித்தார். நம் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920 இல் இந்தியப் படகுகளின் அமைப்பும் மூலமும் பற்றிய ஆய்வை வெளியிட்டார். கரைக்குக் கரை கட்டுமரம் எவ்வாறு வேறுபடுகிறது என்பதையும் அதில் ஆராய்ந்தார்.

இவர்களுக்கு நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம். அதே வேளையில் நாணவும் வேண்டும். நம் வீட்டுப் பொருளின் அளவை அறிய அயல்வீட்டுக் கணக்கேட்டைப் புரட்டும் நிலை எத்தனை நாளைக்கு?

பொழுதும் குறைவாகவே உள்ளது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிய பின், நிவாரணமாக வந்தவற்றுள் கண்ணாடி இழைப் படகுகளே மிகுதி. அவை பரதவர் வாழ்வுக்குத் துணைநிற்பவை; அவற்றைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுமரம் ஆக்கும் கைத்திறன் அதன்பின் விரைந்து அருகியது. பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிச் சென்ற தோணிகளும் முதியோர் நினைவில் மட்டுமே மிதக்கின்றன. அம்முதியோரும் நம்மிடையே என்றும் இருக்கப்போவதில்லை.

தடைகளும் விடைகளும்

ஒளிப்படம் இருக்கும்போது உருமாதிரி எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒளிப்படம் புறத்தோற்றத்தைக் காட்டும். கட்டிய முறையைக் காட்டாது. சலங்கின் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. உள்ளே விலாச்சட்டமும் இல்லை. அலை மோதும்போது உடல் நெகிழ்ந்து கொடுக்கவே இவ்வமைப்பு. 14ஆம் நூற்றாண்டில் மாபார் என அரபியர் அழைத்த நம் கரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, இரும்பாணி அறைந்த கலம் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்த கலம் தாங்கும் என்னும் கருத்தைத் தம் பயணநூலில் குறித்துள்ளார். அத்தையல் எந்தத் துளையில் நுழைந்து எந்தப் பக்கம் வெளிவருகிறது, எங்கே முடிச்சு விழுகிறது என்பதைத் தைத்துப் பார்த்தவனே அறிவான்.

இதனால் பயன் என்ன என்பது அடுத்த வினா. அண்மைச் சான்று ஒன்று போதும். அஜந்தாக் குகையின் 5ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் காணப்படும் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, தைத்த பலகைகளால் ஆன பாய்க்கப்பல் ஒன்றை இந்தியக் கடற்படை உருவாக்கியது. கேரளத்துக் கைவினைஞர்கள் அதனைத் தைத்தனர். 'கௌண்டின்யா' என்னும் பெயருடன் 2025 மே மாதம் கார்வாரில் அது கடற்படையில் சேர்க்கப்பட்டது. அவ்வடிவம் நீரில் எவ்வாறு இயங்கும் என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் உருமாதிரி கொண்டே சோதித்தனர். வரைபடம் எதுவுமின்றி ஓவியம் ஒன்றே எஞ்சிய கலத்தையும் மீண்டும் கடலில் மிதக்கவிட உருமாதிரி துணைநின்றது. இன்னும் கண்முன் இருக்கும் கலங்களை நாம் அளந்து வைத்தால், வருங்காலத்தார்க்கு அது எத்துணைப் பெரிய செல்வம்!

வாழ்வாதாரமாகவும் இக்கலை அமையலாம். 'உரு' என்னும் பெரிய மரக்கலங்களுக்குப் பெயர்பெற்ற கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில், சிறு உருக்களைச் செய்து விற்கும் கைத்தொழிலும் வளர்ந்துள்ளது. கற்சிலை வாங்க உலகமே வரும் மாமல்லபுரத்தில், முறையாகச் செய்த சலங்குக்கும் கட்டுமரத்துக்கும் வாங்குவோர் இரார் என்று சொல்வதற்கில்லை.

வசதி படைத்தோர்க்கே இது இயலும் என்பாரும் உளர். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் ஆயத்த உறுப்புகள் விலை மிக்கவை என்பது உண்மையே. நம் கலத்துக்கு அப்பெட்டி வேண்டுவதில்லை. தச்சுப் பட்டறையில் கழியும் மரச்சீவலும், உப்புத்தாளும், பசையும், நூலும், ஒரு கூரிய கத்தியும் போதும். வேண்டுவது பொறுமை, அதற்குக் காசில்லை.

நாம் எச்சரிக்க விரும்புவது வேறொன்று. பெருமித உணர்வால் உந்தப்பட்டு, 'சோழர் போர்க்கப்பல்' என்று மனம்போன போக்கில் அலங்கார உருக்களைச் செய்து வைப்பதை ஆங்காங்கே காண்கிறோம். சோழர் கப்பலின் வரைபடமோ சிதைவோ நமக்குக் கிடைத்திலது. சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல் உண்டு. அதுவும் விரல்நுனி அளவுக் கோட்டுருவே. கற்பனையைக் கற்பனை என்று எழுதி வைப்பதில் இழுக்கில்லை. அதனை வரலாறு என்று எழுதி வைத்தால், உண்மையைத் தேடி வரும் அடுத்த தலைமுறையின் கண்ணை நாமே மறைத்தவராவோம். அளவு தெரிந்த ஒரு சிறு வள்ளம், அளவு தெரியாத நூறு போர்க்கப்பல்களினும் மேலானது.

செய்யத்தக்கன

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் பேருந்தில் சென்று ஒரே நாளில் திரும்பிவிடலாம். விடுமுறை நாட்களில் மாணவர்கள் குழுவாகச் சென்று, எஞ்சியிருக்கும் கட்டுமரங்களையும் பழைய மரப்படகுகளையும் உரியவரின் இசைவு பெற்று அளக்கலாம். நீளம், அகலம், உயரம், பலகைக் கனம், முடிச்சுகளின் இடைவெளி ஆகியவற்றை ஏட்டில் குறிக்கலாம். குப்பத்துப் பெரியவர்களிடம் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டு, அவர்கள் ஒலிக்கும் வண்ணமே எழுதலாம். கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950 இல் அச்சிட்ட 'கப்பல் சாத்திரம்' போன்ற நூல்களோடு அப்பெயர்களை ஒப்பிடலாம். கணிதத் துறையினர் விகிதம் கணக்கிட, தமிழ்த்துறையினர் சொல் திரட்ட, கைத்திறன் உடையோர் மரம் சீவ, ஆண்டுக்கு ஒரு கலம் என்று தொடங்கினால் பத்தாண்டில் பத்துக் கலங்கள் சேரும். ஒவ்வொன்றன் கீழும் அதன் பெயரும், அளந்த ஊரும், விகிதமும், உறுப்புகளின் தமிழ்ப் பெயர்களும் எழுதப்பட வேண்டும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நாகூர்க் கந்தூரியின்போது கப்பல் வடிவ ஊர்திகளில் கொடி ஏற்றி நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலம் வரும் மரபை அறிவீர்கள். மூழ்கவிருந்த கப்பலை நாகூர் ஆண்டகை காத்த செய்தியையும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்துள்ளோம். கடலோடு நம் முன்னோர்க்கு இருந்த உறவின் எதிரொலி அது. உங்கள் வீட்டுப் பரண்களில் பழைய கப்பல் கணக்கேடோ, திசைகாட்டியோ, தோணியின் படமோ கிடைக்குமாயின் அதனைப் பழைய பொருள் வாங்குவோனிடம் போடாதீர்கள். மாணவர்களை அழைத்துக் காட்டுங்கள். உங்கள் தந்தையும் பாட்டனும் சொன்ன கடற்சொற்களைச் சொல்லிக் கொடுங்கள். அதனினும் பெரிய நன்கொடை வேறில்லை.

கலம் கட்டுவோர் நல்ல நாள் பார்த்து முதலில் ஏரா வைப்பர். அது நேராக அமைந்தால் கலம் நேராக ஓடும். அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில், அளந்தறிந்த ஒரு சிறு சலங்கின் முதல் பலகையை நம் துறை மேசையில் வைப்போமாக!